ஆடிக்கு லைட் மியூசிக் வைக்கலாமா, டிஜேவே போதுமா?

தம்பி, நீங்க கேட்டது இதான். சேலம் அம்மாபேட்டைல உங்க தெரு கமிட்டில இந்த ஆடிக்கு, சாமி ஊர்வலம் வர்ற சத்தாபரணத்தன்னிக்கு ராத்திரி என்ன வைக்கறதுன்னு ரெண்டு கட்சியா நிக்கறீங்க, பசங்க டிஜே போதும்ங்கறாங்க, பெருசுங்க லைட் மியூசிக்தான் வேணும்ங்கறாங்க, நடுவுல உங்களுக்கே ஒரு சந்தேகம், எல்லாப் பாட்டும் செல்லுல ஒரிஜினலாவே கெடக்கறப்ப அதையே இன்னொருத்தர் பாடி எதுக்கு காசு குடுத்து கேக்கணும்னு. நியாயமான கேள்விதாங்க, கோவமெல்லாம் இல்ல. நான் 1986ல இருந்து சேலம் சுத்துவட்டாரத்துல ரிதம் வாசிச்சவன், மொதல்ல பாங்கோஸ், அப்பறம் தபேலா, கடைசில பேடு, அதான் தட்டினா சவுண்டு வர்ற எலக்ட்ரானிக் பெட்டி. தோள்பட்டை ஒத்துழைக்காம நிறுத்தி மூணு நாலு வருசம் ஆச்சு. அதனால இதுல எனக்கு வியாபாரம் ஒண்ணும் இல்ல, இன்ன ட்ரூப்பை புக் பண்ணுங்கன்னு சொல்லப்போறதும் இல்ல.

உடனே பதில் வேணும்னா இதான்: நீங்க பாத்து வச்சிருக்கற ட்ரூப் பென்டிரைவ்ல ட்ராக், அதாவது முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வச்ச மியூசிக்க, ஓடவிட்டு அதுக்கு மேல மைக்ல பாடற ட்ரூப்பா இருந்தா பசங்க சொல்றதுதான் சரி, டிஜேவே வையுங்க, காசாவது மிச்சம். கையால வாசிக்கற ஆளுங்க மேடைல இருந்தா மட்டும் பெருசுங்க பக்கம் நில்லுங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ எடுத்து வச்சுக்கங்க.

ஆடிக் கச்சேரில மொத அரை மணி நேரம் சாமி பாட்டு. சீர்காழி குரல்ல பிள்ளையார் ஒண்ணு, டி.எம்.எஸ். குரல்ல முருகன் ஒண்ணோ ரெண்டோ, அப்பறம் எல்.ஆர். ஈஸ்வரி பாடின அம்மன் பாட்டு. நான் வாசிச்ச எந்த ட்ரூப்பும் இந்த வரிசைய மாத்தினதில்ல. அந்த அம்மன் பாட்டுல உடுக்கை, பம்பை நடை வர்ற எடம் இருக்கு பாருங்க, அங்கதான் முன் வரிசைல யாருக்காவது சாமி வரும். சேலத்துல குகைங்கற ஏரியால ஒரு வருசம், ரெண்டாவது சரணம் முடியப்போகுது, ஒரு அம்மா மடில தூங்கிட்டு இருந்த கொழந்தைய பக்கத்துல இருந்தவங்க கைல குடுத்துட்டு எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சுட்டாங்க. அது நாலரை நிமிசப் பாட்டு. அப்ப போயி டக்குனு நிறுத்தினா ஊரே சண்டைக்கு வரும், அதவிட அந்தம்மாவுக்கு ஏதாவது ஆயிரும்னு எங்களுக்கே பயம். பாடற அக்கா என்னைத் திரும்பிப் பாத்தாங்க, நான் தலைய ஆட்டினேன், மறுபடி பல்லவி, மறுபடி மொத சரணம், மறுபடி பல்லவி, நடைய ஏத்தவும் இல்ல எறக்கவும் இல்ல. பூசாரி வேப்பிலையோட கூட்டத்த வெலக்கிட்டு வந்து, திருநீறு போட்டு, கற்பூரம் காட்டி, அந்தம்மாவுக்கு மூச்சு சமமாக சமமாக நான் கை பாரத்தக் கொறச்சுக்கிட்டே வந்தேன், கீபோர்டுகாரர் மத்ததெல்லாம் விட்டுட்டு வெறும் ஸ்ருதி மட்டும் புடிச்சுட்டு நின்னார். பன்னண்டு நிமிசம் ஆச்சு. இதுக்கு ரிகர்சல் கெடையாது, யாரும் யாருக்கும் வாய் திறந்து சொல்லவும் இல்ல. ட்ராக்கா இருந்தா நாலரை நிமிசத்துல பாட்டு முடிஞ்சிருக்கும், லிஸ்ட்ல அடுத்து எது இருக்கோ அது வந்து விழுந்திருக்கும், அந்தம்மா நடு ஆட்டத்துல நின்னிருப்பாங்க.

நீங்க காசு குடுக்கறது இதுக்குத்தான். கூட்டத்தப் பாத்து நீட்டத் தெரிஞ்ச ஆளுங்களுக்கு. ஒரிஜினல் மாதிரியே இருக்கறதுக்கு இல்ல, ஒரிஜினல் வேணும்னா நீங்க சொல்ற மாதிரி செல்லு போதும்.

ஆனா ஒரு காலத்துல ஒரிஜினல் மாதிரி இருக்கறதுதான் எல்லாமேன்னு இருந்துச்சு, அதையும் சொல்லணும். 'மெல்லிசை'ங்கற பேருக்கு ஆல் இந்தியா ரேடியோல வேற அர்த்தம். அங்க கர்னாடிக் தனி, மெல்லிசை தனி, சினிமாப் பாட்டு தனி, மெல்லிசைன்னா ரேடியோவுக்குன்னே பாட்டு எழுதி மெட்டுப் போட்டுப் பாடறது. 1952ல பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியா வந்து சினிமாப் பாட்டு தரம் கம்மின்னு ரேடியோல ஒதுக்கினார், ஜனங்க கேட்டாங்களா, நேரா ரேடியோ சிலோனுக்கு முள்ளத் திருப்பிட்டாங்க, அப்பறம் 1957ல விவித் பாரதி ஆரம்பிச்சு சினிமாப் பாட்ட திரும்ப உள்ள கூட்டிட்டு வரவேண்டியதாப் போச்சு. 1963ல விஸ்வநாதன் ராமமூர்த்திக்கு மெல்லிசை மன்னர்கள்னு பட்டம் குடுத்தாங்க பாருங்க, அதுக்கப்பறம் மெல்லிசைன்னாலே சினிமாப் பாட்டுதான்னு ஆயிருச்சு. எங்காளுங்க மேடைல கட்டற பேனர்ல 'மெல்லிசைக் குழு', பேசறப்ப 'லைட் மியூசிக்', வீட்டுல சொல்லிட்டு கெளம்பறப்ப 'கச்சேரி'.

அந்தக் காலத்துல வீட்டுல இசைத்தட்டு வச்சிருந்தவங்க தெருவுக்கு ஒருத்தர் இருந்தா அதிசயம். ரேடியோல எப்ப எந்தப் பாட்டு வரும்னு நம்ம கையில இல்ல. அதனால ஒரு பாட்ட கண்ணு முன்னாடி ஒருத்தர் பாடிக் கேக்கறதுங்கறதே பெரிய விசயம், அதுலயும் நேயர் விருப்பம் மாதிரி துண்டுச்சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பி, 'இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்'னு பேர் மைக்ல வந்தா அன்னிக்கு அவர்தான் தெருவுக்கே ராஜா. எங்க அறிவிப்பாளர்கள் பேசற அந்த ராகமே இலங்கை வானொலில கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது பேசறதக் கேட்டுக் கேட்டு வந்ததுதான். பத்து ரூபா அன்பளிப்புக்கு பத்து வரி அடுக்குமொழி பேசற ஆளு ஒருத்தர் எங்ககிட்ட இருந்தார், அவருக்காகவே அன்பளிப்பு குடுத்தவங்க உண்டு.

சேலத்துக்காரங்களுக்கு இதுல கூடுதலா ஒரு கெத்து. ஏற்காடு ரோட்டுல அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் தனியா நிக்குதே, பசங்க செல்ஃபி எடுக்கறாங்களே, அதுக்குள்ள டி.ஆர். சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்சு நூத்துக்கும் மேல படம் எடுத்த கம்பெனி ஓடுச்சு, 1956ல தமிழோட மொத கலர் படமே அங்கருந்துதான் வந்துச்சு. ஜி. ராமநாதன் அந்தக் கம்பெனிப் படங்களுக்கு மியூசிக் போட்டிருக்கார், பின்னாடி 60கள்ல வேதா. வேதா இந்தி மெட்டுகள அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தவர்னு கொஞ்சம் எளக்காரமா பேசறவங்க உண்டு. எங்க ட்ரூப்ல அக்கார்டியன் வாசிச்ச பெரியவர் ஒருத்தர் அதக் கேட்டா கடுப்பாயிருவார், 'டேய், நீ மேடைல பண்றதும் காப்பிதான், வேதா அளவுக்கு சுத்தமா பண்ணிக் காட்டு பாக்கலாம்'பார். சரியான பேச்சு.

அப்பறம் இளையராஜா. அவரே அண்ணன் பாவலர் வரதராஜனோட கச்சேரிக்கு ஊர் ஊரா ஆர்மோனியத்தோட போனவர், மெட்ராஸ் வந்தப்பறம் எஸ்.பி.பி.யோட மேடைக் கச்சேரில பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் மூணு பேரும் வாசிச்சிருக்காங்க. அப்பேர்ப்பட்ட மேடைக்காரர் 1976ல சினிமாவுக்குள்ள போயி, மேடைக்காரங்க பொழப்பயே கஷ்டமாக்கிட்டார்னு நாங்க சிரிப்போம். எம்.எஸ்.வி. பாட்டுக்கு அக்கார்டியன், பாங்கோஸ், புல்லாங்குழல், ஒரு கிடார் இருந்தா கிட்டத்தட்ட ஒப்பேத்திரலாம். ராஜா சார் பாட்டுல பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல வர்ற பிட்டு இருக்கே, அது தனிப் பாட்டு மாதிரி, வயலின் கூட்டம் ஒரு பக்கம் போகும், பேஸ் கிடார் அது பாட்டுக்கு வேற ஒரு கதை சொல்லிட்டுப் போகும். நொட்டேஷன் எழுதத் தெரிஞ்சவங்க எங்கள்ல ரெண்டு பேர்தான். மத்தவங்கெல்லாம் டேப் ரெக்கார்டர்ல ரீவைண்ட் பண்ணிப் பண்ணி, கேசட் நைஞ்சு போற வரைக்கும் கேட்டு எடுத்தது. செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறைல வேலை பாத்த எங்க பேஸ் கிடார்காரர் பகல்ல கொலுசுக்குப் பொடி வச்சு ஊதிப் பத்த வச்சுட்டு இருக்கறப்பவே வாயில பேஸ் லைன் முணுமுணுத்துட்டு இருப்பார், ராத்திரி ஒம்போது மணிக்கு மேல ஒரு மாவு மில்லு மாடில ரிகர்சல், ஒரு பிட்டுக்கு நாலு நாள். மேடைல அந்த பிட்டு சுத்தமா வந்து விழுந்தா கூட்டத்துல விசில் வரும் பாருங்க, பாட்டுக்கு இல்ல, பிட்டுக்கு. ஜனங்களுக்கு அவ்வளவு மனப்பாடம். ஒரு நோட்டு தப்பினாலும் டீக்கடைல மறுநாள் சொல்லிக் காட்டுவாங்க.

1992ல ரஹ்மான் வந்தப்பறம் கதை மாறிப்போச்சு. அந்த சவுண்டே கம்ப்யூட்டர்ல, சிந்தசைசர்ல அடுக்கினது, கையால வாசிச்சு அதக் கொண்டு வர முடியாது. அப்பதான் பேடு வந்து எங்களக் காப்பாத்துச்சு, தட்டற ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு சவுண்டு ஏத்தி வச்சுக்கலாம். நானும் கடன வாங்கி ஒரு ரோலண்ட் பேடு வாங்கினேன், வீட்டம்மா அதோட வெல கேட்டுட்டு ரெண்டு நாள் பேசல. பேடு வந்ததுல தபேலா, டோலக்கு, ட்ரிபிள் காங்கோ வாசிச்ச மூணு பேருக்கு வேலை போச்சு, அந்த மூணு பேர் பேமென்ட்ல பாதி எனக்கு வந்துச்சு. இத நான் பெருமையா சொல்லல. அப்பறம் அதே மாதிரி ட்ராக் வந்து பேடுக்காரனுக்கும் வேலை போச்சு, கணக்கு சரியாப்போச்சு.

இன்னொரு விசயம் உங்க மாதிரி கமிட்டிக்காரங்களுக்கு தெரியாது, கட்டை, அதாவது ஸ்ருதி எவ்வளவு ஒசரம்ங்கற கணக்கு. ஒரு கட்டைன்னா கீபோர்டுல சி, ரெண்டு கட்டைன்னா டி, அப்படிப் போகும். டி.எம்.எஸ். பாட்ட ஒரிஜினல் கட்டைல பாட எல்லாராலயும் முடியாது, முடிஞ்சவருக்கும் மூணு மணி நேரம் பாடின தொண்டைல முடியாது. பாடறவர் மைக்க மூடிட்டு ரெண்டு வெரலக் கீழ காட்டுவார், கீபோர்டுகாரர் ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கி எறக்கிருவார், கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. அந்த பட்டன் இல்லாத காலத்துல ஆர்மோனியக்காரர் எந்தப் பாட்டையும் எந்தக் கட்டைலயும் வாசிக்கத் தெரிஞ்சவரா இருக்கணும், அது வேற ஜாதி வித்தை.

ஏற்காடு கோடை விழாக்கு ஒரு தடவை போனோம். மே மாசம், கீழ சேலத்துல 40 டிகிரில மதியம் உக்காந்து எல்லாத்தையும் ஸ்ருதி சேத்து வச்சுட்டு, வேன்ல 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேல சாயந்தரம் மேடை ஏறினா பனி எறங்குது, 20 டிகிரி இருக்கும். கீபோர்டு அப்படியே இருக்கு, அதுக்கு வெயிலும் ஒண்ணுதான் குளிரும் ஒண்ணுதான். புல்லாங்குழல் கிட்டத்தட்ட கால் கட்டை எறங்கிருச்சு, ஏன்னா குளிர் காத்துல சத்தத்தோட வேகமே கொறையும், குழலு அதே நீளம்தான இருக்கு. கிடார் கம்பி குளிர்ல சுருங்கி மேல ஏறுது. என் தபேலா தோலு ஈரத்த இழுத்து தொளதொளன்னு ஆயிருச்சு, சுத்தியால தட்டித் தட்டிப் பாக்கறேன், ஏறி நின்னு அடுத்த பாட்டுலயே எறங்குது. குழல்காரர் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் மேடைக்குப் பின்னாடி போயி குழலுக்குள்ள ஊதி ஊதி சூடேத்திட்டு வந்தார், நான் வேன் டிரைவர்கிட்ட சொல்லி பெட்ரோமாக்ஸ் ஒண்ணு ஏற்பாடு பண்ணி அது பக்கத்துல தபேலாவ காய வச்சேன். மொத மூணு பாட்டு கண்றாவி. நாலாவது பாட்டுல இருந்து சரியாச்சு, ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருந்த கூட்டம் ஒண்ணும் சொல்லல, நல்ல ஜனங்க. இப்ப மலைக்குப் போற ட்ரூப்புங்க பெரும்பாலும் தபேலாவ எடுத்துட்டே போறதில்ல, பேடுதான்.

இப்ப நேரம். இது உங்களுக்கு முக்கியம், நல்லா கேட்டுக்கங்க. நாங்க ஆரம்பிச்ச காலத்துல ராத்திரி பத்து மணிக்கு பிள்ளையார் பாட்டு ஆரம்பிச்சா விடிகாலை மூணு நாலு ஆகும், அம்பது பாட்டுக்கு மேல. 2000ல மத்திய அரசு கொண்டு வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஸ்பீக்கர் போடக் கூடாது, திருவிழா மாதிரி நாளுக்கு மட்டும் மாநில அரசு பன்னண்டு வரைக்கும் அனுமதி குடுக்கலாம், அதுவும் வருசத்துக்கு 15 நாளுக்கு மேல இல்ல. 2005ல சுப்ரீம் கோர்ட்டும் இத இறுக்கிப் புடிச்சுது. நான் இதக் குத்தம் சொல்லல, பரிச்சைக்குப் படிக்கற புள்ள இருக்கற வீட்டு வாசல்ல நாலு மணிக்கு பேஸ் ஸ்பீக்கர் அலறினது தப்புதான். ஆனா இதுல என்ன ஆச்சுன்னா, விடிய விடிய நடந்தப்ப பாட்டுக்கு ஒரு பொழுது இருந்துச்சு. பத்துல இருந்து பன்னண்டு வரைக்கும் புதுப்பாட்டு, பசங்க ஆட்டம். பன்னண்டுக்கு மேல பசங்க பரோட்டா கடைக்கோ தட்டுவடை செட்டு சாப்பிடவோ கெளம்பிருவாங்க, கொழந்தைங்க பாய்ல தூங்கிரும், அப்ப பெருசுங்க நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டுக்குவாங்க. பன்னண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் சுசீலா, பி.பி. ஸ்ரீனிவாஸ், ஏ.எம். ராஜா, ஜிக்கி. சத்தம் கொறச்சு, பிரஷ்ல ட்ரம்ஸ் தடவி. எனக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் கச்சேரி, மத்ததெல்லாம் சம்பளத்துக்கு. இப்ப ஏழு மணிக்கு ஆரம்பிச்சு பத்துக்கு முடிக்கணும், இருபது பாட்டு, அதுல சாமி பாட்டு நாலு, மீதி பூரா குத்து. பெருசுங்களோட பொழுத சட்டத்துல யாரும் வெட்டல, தானா உதுந்து போச்சு. உங்க கமிட்டி பெருசுங்க லைட் மியூசிக் கேக்கறாங்கன்னா அவங்க கேக்கறது அந்த ரெண்டு மணி நேரத்தத்தான்னு எனக்குத் தோணுது. அதனால ட்ரூப் கிட்ட முன்னாடியே சொல்லி, நடுவுல தொடர்ந்து ஆறு பாட்டு பழசுன்னு எழுதி வாங்கிக்கங்க. அங்கொண்ணு இங்கொண்ணு பழசு போட்டா வேலைக்காகாது, காது அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள அடுத்த குத்து வந்துரும்.

ட்ரூப்ப எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு கேட்டீங்க. அவங்க அனுப்பற வீடியோவ நம்பாதீங்க, அதுல பாதி ஸ்டுடியோல போய் டப் பண்ணினது. வேற ஊர் திருவிழால அவங்க ப்ரோகிராம் இருக்கற அன்னிக்கு நீங்களே போங்க, மேடை முன்னாடி நிக்காதீங்க, சவுண்ட் மிக்சர் பக்கத்துல நில்லுங்க. லேப்டாப் இருக்கா, பாடறவங்க மூச்சு வாங்கறப்பவும் கோரஸ் குரல் கேக்குதான்னு பாருங்க. அதவிட சுலபமான சோதனை ஒண்ணு இருக்கு, துண்டுச்சீட்டுல அவங்க லிஸ்ட்ல இல்லாத ஒரு பழைய பாட்டு எழுதிக் குடுங்க. கை ட்ரூப்பா இருந்தா ரெண்டு நிமிசம் குசுகுசுன்னு பேசிட்டு பல்லவியாவது பாடிருவாங்க. ட்ராக் ட்ரூப்பா இருந்தா 'நேரமின்மை காரணமாக'ன்னு அறிவிப்பு வரும். டிவி போட்டில பாடின பையனோ பொண்ணோ வர்றாங்கன்னு பேனர்ல போட்டு ரேட்ட ஏத்துவாங்க, 2006ல சூப்பர் சிங்கர் வந்ததுல இருந்து இந்தப் பழக்கம், அவங்க நல்லாத்தான் பாடறாங்க, ஆனா நாலு பாட்டு பாடிட்டு அடுத்த ஊருக்குக் கார் ஏறிருவாங்க, மீதிக் கச்சேரிய இழுக்கறது பேர் இல்லாத ஆளுங்கதான். அந்தக் காசுல ஒரு தபேலா, ஒரு புல்லாங்குழல் சேத்துக் கேளுங்க.

ராயல்டி கட்டணுமான்னும் ஒரு வரி கேட்டிருந்தீங்க. 2017ல அனுமதி இல்லாம தன் பாட்ட மேடைல பாடக் கூடாதுன்னு இளையராஜா தரப்புல இருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனதுல இருந்து எல்லாருக்கும் இந்த பயம். காப்பிரைட் சட்டத்துல 52ஆவது பிரிவுல மதச் சடங்கோட சேந்து நடக்கற நிகழ்ச்சிக்கும் கல்யாணத்தோட சேந்த கொண்டாட்டத்துக்கும் விலக்கு இருக்கு. உங்களது கோயில் விழா, டிக்கெட்டும் இல்ல. ஆனா ஸ்பான்சர் பேனர் கட்டி, சேர் போட்டு டோக்கன் வித்தீங்கன்னா அது வியாபாரம், அப்ப ஐ.பி.ஆர்.எஸ்.னு பாட்டு எழுதினவங்க, மெட்டுப் போட்டவங்களுக்காக ராயல்டி வசூலிக்கற சங்கத்துகிட்ட லைசென்ஸ் எடுக்கணும். டோக்கன் யோசனை யாருக்காவது இருந்தா இப்பவே விட்டுருங்க.

மேடைய கோயிலுக்கு நேர் எதிர்ல போடாதீங்க, பம்பைக்காரங்க வர்றப்ப ரெண்டு தாளமும் மோதும், சாமிக்கும் எங்களுக்கும் சங்கடம். தெரு முக்குல திருப்பிப் போடுங்க. ஜெனரேட்டருக்கு டீசல் நீங்களே நின்னு ஊத்துங்க. சாப்பாடு கச்சேரிக்கு முன்னாடி வேணாம், வயித்த நெறப்பிட்டு யாராலயும் பாட முடியாது, சுக்குக் காப்பி மட்டும் குடுங்க, முடிஞ்சப்பறம் பார்சல். பேமென்ட் மீதிய கடைசிப் பாட்டுக்கு முன்னாடியே கவர்ல போட்டு லீடர் கைல குடுத்துருங்க. ஒரு ஊர்ல (பேர் வேணாம்) கச்சேரி முடிஞ்சு மைக் வயரு சுத்திட்டு திரும்பிப் பாத்தா கமிட்டில ஒருத்தரும் இல்ல, பொருளாளர் வீட்டுக் கதவத் தட்டினா அவர் தூங்கிட்டார்னு உள்ளருந்து அவரே சொல்றார், குரல் எனக்கு நல்லா அடையாளம் தெரியும், சாயந்தரம் பூரா மைக்ல அவர்தான் அன்பளிப்பு வாசிச்சார்.